கொழும்பில் பலதரப்பட்ட பெரியவர்களுக்கு ஒரே வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: "வெள்ளவத்தையில் வார இறுதியில் பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கில வகுப்பு தொடங்கப்போகிறேன். எனக்கு வயது 27. பதிந்திருப்பவர்களில் யாழ்ப்பாணத்தவர், மலையகத்தவர், முஸ்லிம்கள், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், மூன்று நான்கு சிங்களவர் என எல்லோரும் இருக்கிறார்கள். 22 வயதுப் பிள்ளையும் உண்டு, அறுபதை நெருங்குகிறவரும் உண்டு. இவர்களின் கலாசார வேறுபாடுகளை எப்படிக் கணக்கில் எடுப்பது?"

பல வருடங்களாகக் கொழும்பில் இப்படிப்பட்ட வகுப்புகள் எடுத்துவருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

"முஸ்லிம் பெண்கள் இப்படி, மலையகத்துப் பிள்ளைகள் இப்படி, யாழ்ப்பாணத்து ஆட்கள் இப்படி" என்று ஒரு பட்டியலோடு வகுப்புக்குள் போகாதீர்கள். முதல் நாளிலேயே அது பொய்த்துப் போகும். கொட்டாஞ்சேனையில் வளர்ந்த கத்தோலிக்கத் தமிழருக்கும் பக்கத்து வீட்டு முஸ்லிமுக்கும் இருக்கிற ஒற்றுமை, அதே தமிழருக்கும் பருத்தித்துறைக்காரருக்கும் இடையே இல்லாமல் இருக்கலாம். பட்டியலுக்குப் பதிலாக ஒவ்வொருவரையும் பார்த்து உங்களுக்குள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இவர் இந்த அறையில் வாயைத் திறந்து பிழையாகப் பேசினால், யார் முன்னால் எதை இழப்பார்? கலாசாரம் என்று நாம் சொல்வதில் வகுப்பறைக்குத் தேவையான பெரும்பகுதி இந்தக் கேள்விக்கான பதிலில் இருக்கிறது.

பாடசாலைப் பிள்ளைக்கு இழக்க அதிகம் இல்லை. பிழை விட்டால் சிரிப்பார்கள், இடைவேளைக்குள் மறந்துபோகும். ஐம்பது வயதானவர் அப்படி இல்லை. வீட்டில் அவர் சொல் எடுபடும், கடையில் எடுபடும், கோயில் சபையிலோ பள்ளிவாசல் நிர்வாகத்திலோ எடுபடும். வாரத்தில் இரண்டு மணித்தியாலம் மட்டும், தன் மகள் வயதுள்ள ஒருவரின் முன்னால், தெரியாதவராக உட்கார ஒத்துக்கொண்டு காசும் கட்டியிருக்கிறார். அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதோடு, இவர்கள் புதிதாக ஆங்கிலம் தொடங்குகிறவர்களும் இல்லை. நம் பாடசாலைகளில் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் ஒரு பாடம். சாதாரண தரம், அதாவது பதினோராம் வகுப்பு, வரை போனவர் ஒன்பது வருடம் அந்தப் பாடத்தில் இருந்திருக்கிறார், அப்படியும் பேச வரவில்லை. "எனக்கு மண்டையில் ஏறாது சேர்" என்று முதல் நாளே சொல்கிறவர் அந்த ஒன்பது வருடத்தைத்தான் சொல்கிறார். மலையகத்தில் வளர்ந்த மூத்தவர் என்றால் அதுவும் கிடைத்திராது. தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கின. அதற்கு முன் பல இடங்களில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அவருக்கு எழுத்துக் கூட்டுவது சிரமம் என்றால் காரணம் அந்தப் பாடசாலை. இதை நீங்கள் தெரிந்துவைத்திருந்தால், கரும்பலகையில் எழுதியதை எழுந்து வாசிக்கும்படி முதல் நாளே அவரைக் கேட்க மாட்டீர்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு வகுப்பில் புறக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவர் சேர்ந்தார். அவருடைய கடையிலேயே கணக்கு எழுதுகிற இளைஞன், ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, அதே வகுப்பில் முன்பே இருந்தான். இருவரும் ஒன்றாக வந்து ஒரே வாங்கில் உட்கார்ந்தார்கள். அதுவரை கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்த பையன் அன்றிலிருந்து ஊமையாகிவிட்டான். கேள்வி கேட்டால் முதலில் முதலாளியைப் பார்ப்பான். அவர் சொன்ன பிறகு அதையே தானும் சொல்வான். அவர் சொன்னது பிழை என்றால் இவனும் அதே பிழையைச் சொன்னான், சரியான விடை கொப்பியில் எழுதியிருக்கும்போதே. முதலாளி நல்ல மனிதர், பையனை ஒருநாளும் அதட்டியதில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை இருவரும் கடையில் சந்திக்க வேண்டும், அதைப் பையன் மறக்கவில்லை.

இதற்கு "இங்கே எல்லோரும் சமம்" என்று அறிவிப்பது பிரயோசனமில்லை. சொல்வதால் சமம் வராது, சொன்னால் இருவருக்கும் கூச்சம்தான் கூடும். நாங்கள் செய்தது சாதாரண வேலை: எல்லோருக்கும் இலக்கச் சீட்டு கொடுத்து இடத்தை மாற்றினோம். இருவரும் வேறு வேறு மூலைக்குப் போனார்கள், யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை. அப்புறம் தனித்தனியாக விடை கேட்பதைக் குறைத்து, மூன்று பேர் சேர்ந்து பேசி ஒருவர் சொல்லும் முறைக்கு மாறினோம். குழுவின் விடை பிழைத்தால் அது யாருடைய தலையிலும் விழாது. சில கிழமைகளில் பையனின் குரல் திரும்ப வந்தது. மாமியும் மருமகளும், அக்காவும் தம்பியும், ஒரே அலுவலகத்து மேலதிகாரியும் எழுதுவினைஞரும் ஒன்றாகச் சேர்வது கொழும்பில் அடிக்கடி நடக்கும். பதிவின்போதே "உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது வகுப்பில் இருக்கிறார்களா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மௌனம். "விளங்கிச்சா?" என்று கேட்காதீர்கள். யாழ்ப்பாணத்தவர் "ஓம்" என்பார், மலையகத்தவர் "ஆமாங்க" என்பார், எல்லோரும் தலையாட்டுவார்கள், அதிலிருந்து உங்களுக்கு எதுவும் தெரியாது. விளங்கவில்லை என்றால் நீங்கள் சரியாகச் சொல்லித்தரவில்லை என்று ஆகிவிடும், ஆசிரியரை அப்படிக் குறை சொல்லலாமா என்று நினைப்பவர்கள் நம்மவர்கள். ஆகவே செய்துகாட்டும்படி கேளுங்கள். "இப்போது நீங்கள் பார்மசிக்குப் போயிருக்கிறீர்கள், பனடோல் இரண்டு கார்ட் கேளுங்கள்" என்றால் விளங்கியதா இல்லையா என்று உடனே தெரியும்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970களில் சிறுவர் வகுப்புகளை ஆராய்ந்து சொன்னது இன்றுவரை நிற்கிறது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான் பொறுக்கிறார்கள், அதை மூன்று செக்கனுக்கு நீட்டினாலே விடைகள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். பெரியவர்களுக்கு இன்னும் கூட வேண்டும் என்பது என் அனுபவம். அவர்கள் தமிழிலோ சிங்களத்திலோ வசனத்தை அமைத்து, மனதுக்குள் மாற்றி, ஒருமுறை சொல்லிப்பார்த்து, மானம் போகாது என்று உறுதியான பிறகுதான் வாயைத் திறப்பார்கள். அந்த இடைவெளியைப் பேசி நிரப்பாதீர்கள்.

இனி, எல்லா ஆங்கிலப் புத்தகங்களிலும் முதல் பாடமாக வருவதைப் பற்றி. இதைத்தான் நீங்கள் மிகக் கவனமாகக் கையாள வேண்டும். உங்கள் ஊர் எது? எங்கே இருக்கிறீர்கள்? யாரோடு இருக்கிறீர்கள்? எத்தனை சகோதரர்கள்? அப்பா என்ன செய்கிறார்? லண்டனிலோ சிட்னியிலோ எழுதப்பட்ட புத்தகத்தில் இவை மனிதர்கள் பழகுவதற்கான சாதாரணக் கேள்விகள். கொழும்பில் இருக்கும் தமிழருக்கு இவை சோதனைச்சாவடியின் கேள்விகளாகவும் இருந்திருக்கின்றன. யுத்தகாலத்தில் ஊர் எது, கொழும்புக்கு ஏன் வந்தாய், எவ்வளவு நாள் நிற்பாய் என்பதற்குப் பதில் சொல்லியே நடமாடியவர்கள் பலர் இன்னும் நடுவயதில்தான் இருக்கிறார்கள். 2007 யூன் மாதத்தில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவால் அதை நிறுத்தியது. அதைக் கண்டவர், கேட்டவர், உங்கள் வகுப்பில் இருக்கலாம். "எத்தனை சகோதரர்கள்?" என்ற கேள்விக்குக் காணாமல் ஆக்கப்பட்ட தம்பியை எண்ணுவதா விடுவதா என்று ஒருவர் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு எண்கள் ஆங்கிலத்தில் நன்றாகத் தெரியும்.

ஊர் கேட்பதில் நமக்குள்ளேயே இன்னொரு சிக்கலும் உண்டு. யாழ்ப்பாணத்தவர்களிடையே "எவடம்?" என்று தொடங்கினால் அது சாதியைத் தேடிப் போகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். தோட்டத்திலிருந்து வந்து கொழும்புக் கடையில் வேலை செய்யும் இளைஞர்கள் சிலர் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் நகரத்தின் பெயரைச் சொல்வார்கள். குடையாதீர்கள்.

அதனால் நான் முதல் பாடத்தை மாற்றிவிட்டேன். எல்லோருக்கும் பொதுவான, யாருக்கும் காயமில்லாத விடயங்கள் கொழும்பில் நிறைய இருக்கின்றன. எந்த பஸ்ஸில் வந்தீர்கள்? 100ஆ 101ஆ? காலி வீதியில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்? காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? எந்தக் கடையில் மீன் மலிவு? இதே இலக்கணம், இதே நிகழ்காலமும் இறந்தகாலமும் இவற்றிலும் வரும். குடும்பம், ஊர் எல்லாம் பிறகு வரட்டும், அவர்களே கொண்டுவரும்போது. கொண்டுவருவார்கள், நம்பிக்கை வந்தபின் நீங்கள் கேட்கத் தேவையே இல்லை.

பெயர் எழுதும் பாடத்துக்கும் ஒரு எச்சரிக்கை. படிவம் நிரப்புவது பெரியவர்களுக்கு உண்மையாகவே தேவைப்படுகிற பயிற்சி: வங்கி, விசா, வேலை விண்ணப்பம். அதில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். தமிழர் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது, தகப்பன் பெயர் முன்னெழுத்தாக வரும், கலியாணத்துக்குப் பின் பெண்ணுக்குக் கணவன் பெயர் சேரும் அல்லது சேராது. சிங்களவர் பலருக்குப் பரம்பரைப் பெயர் முன்னால் நீளமாக வரும். முஸ்லிம்களின் முன்னெழுத்துகளுக்குப் பின்னால் தகப்பன், பாட்டன் பெயர்கள் இருக்கும். ஒரே படிவத்தை வைத்து ஒரு மணித்தியாலம் பேசலாம், அவ்வளவு சுவையான பாடம் அது. ஆனால் "சரியான முறை இதுதான்" என்று தொடங்கினால் பாதி வகுப்பின் பெயர் பிழை என்று சொன்னதாக ஆகும். கடவுச்சீட்டில் இருப்பதுபோல ஒவ்வொருவரும் தன் பெயரை எழுதி, அது எப்படி அமைந்தது என்று மற்றவருக்கு ஆங்கிலத்தில் விளக்கட்டும். இந்த ஒரு விடயத்தில் எல்லோரும் ஆசிரியர்கள், அதனால்தான் இதை இரண்டாம் மூன்றாம் கிழமையிலேயே வைக்கச் சொல்கிறேன்.

உங்கள் வயது 27 என்று எழுதியிருக்கிறீர்கள். புத்தகம் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லும், அதைச் செய்யாதீர்கள். ஐயா, அம்மா, அண்ணை, அக்கா, நானா என்று அவரவர் விரும்புவதைக் கேட்டு அப்படியே அழையுங்கள், ஆங்கிலம் பேசும்போது மிஸ்டர், மிஸ் போட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் உங்களை "சேர்", "மிஸ்" என்று அழைத்தால் மறுக்க வேண்டாம். "பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்" என்று வற்புறுத்தினால் அறுபது வயதுக்காரர் உங்களை எதுவும் அழைக்காமலே காலத்தை ஓட்டிவிடுவார். வயதில் நீங்கள் சிறியவர், இருக்கையில் பெரியவர். அந்த இரண்டையும் ஒன்றாகச் சுமக்க நம் ஆட்களுக்குத் தெரியும்.

மனனம் பற்றிப் பயிற்சிப் பட்டறைகளில் இளக்காரமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தேவாரம் பாடி வளர்ந்தவர், குர்ஆன் மத்ரசாவில் ஓதி வளர்ந்தவர், பன்சலையில் (பௌத்த விகாரையில்) காத்தா என்ற பாளிச் செய்யுள் சொல்லி வளர்ந்தவர் எல்லோருக்கும் கூட்டாக வாய்விட்டுச் சொல்வது பழகிய கல்வி. அதிலே தொடங்குங்கள். பத்து வசனத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது தனி ஒருவரின் உச்சரிப்புப் பிழை வெளியே தெரியாது, நாக்கு மட்டும் பழகிவிடும். பிறகு அதே வசனத்தில் ஒரு சொல்லை மாற்றச் சொல்லுங்கள், பிறகு இரண்டு. கூட்டத்திலிருந்து தனிக்குரலுக்கு வர அது நல்ல வழி. எடுத்த எடுப்பில் "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்பது, கருத்து இல்லாதவராக அவர்களைக் காட்டிவிடும்.

வளர்ந்தோர் கல்வி என்றாலே மல்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கரின் பெயர் வரும். பெரியவர்கள் தாங்களே தங்கள் கற்றலை வழிநடத்த விரும்புவார்கள், தம் அனுபவத்தின்மேல் கட்டுவார்கள், வாழ்க்கைக்கு உடனே உதவுவதைத்தான் தேடுவார்கள் என்றார். பின்னிரண்டும் கொழும்பிலும் அச்சொட்டாகப் பொருந்தும். முதலாவதில்தான் நிதானம் தேவை. ஆசிரியர் வழிகாட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பவரிடம் "என்ன படிக்கலாம், நீங்களே சொல்லுங்கள்" என்றால், இவருக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்று நினைப்பார். நோல்ஸே 1970இல் சிறுவர் கற்பித்தலையும் பெரியவர் கற்பித்தலையும் எதிரெதிராக வைத்துவிட்டு, 1980இல் அவை ஒரே கோட்டின் இரு முனைகள் என்று திருத்திக்கொண்டார். ஆகவே முதல் மாதம் நீங்கள் நடத்துங்கள், பிறகு இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள், கடைசியில் அவர்களே தலைப்புக் கொண்டுவரட்டும்.

நாடுகளின் கலாசாரங்களை எண்களால் ஒப்பிட்ட ஹொஃப்ஸ்டெட் என்ற ஆய்வாளரின் "அதிகார இடைவெளி" (மேலே இருப்பவருக்கு எவ்வளவு பணிகிறார்கள் என்பது) போன்ற அளவுகோல்களையும் யாராவது உங்களுக்குக் காட்டுவார்கள். அவை 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பிலிருந்து வந்தவை, நாடுகளின் சராசரிகள். முன் வாங்கில் இருக்கும் அம்மாவைப் பற்றி ஒரு நாட்டின் சராசரி எதுவும் சொல்லாது.

நேரமும் நாட்காட்டியும் கலாசாரத்தின் பெரும் பகுதி, ஆனால் இவற்றைத் தீர்ப்பது சுலபம். ஞாயிறு காலை வேண்டாம்: தேவாலயப் பூசை, அறநெறிப் பாடசாலை, தஹம் பாசல் (பௌத்தப் பிள்ளைகளின் அறநெறிப் பாடசாலை) என்று பெற்றோர் பிள்ளைகளோடு ஓடும் நேரம். எப்போதாவது வெள்ளிக்கிழமை வகுப்பு வைக்க நேர்ந்தால் ஜும்ஆத் தொழுகையை மனதில் வையுங்கள். நோன்பு மாதத்தில் கொழும்பில் நோன்பு திறக்க ஆறேகால், ஆறரை ஆகும், ஐந்து மணிக்கு வகுப்பை முடித்தால் வீட்டுக்குப் போய்ச் சேருவார்கள். முருகனின் ஆடிவேல் விழாத் தேர் காலி வீதியில் வரும் நாளில் வெள்ளவத்தையில் வகுப்பு நடக்காது, முதலே ரத்துச் செய்யுங்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் புடவைக்கடைப் பிள்ளைகளுக்கு ஓய்வே கிடையாது, பண்டிகைக்கு ஊருக்குப் போனால் ஒரு கிழமை திரும்ப மாட்டார்கள். அந்தக் கிழமைகளில் புதுப் பாடம் தொடங்காதீர்கள். இருட்டியபின் முடியும் வகுப்புக்குப் பெண்கள் வருவது குறையும், இதற்கு எந்தச் சமூகமும் விலக்கல்ல.

ஆண் பெண் சோடியாகப் பேசும் பயிற்சியை முதல் மாதம் அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள். புருஷன் பெண்சாதியாக நடிக்கும் உரையாடல்கள் வேண்டவே வேண்டாம், கடைக்காரரும் வாடிக்கையாளரும் போதும். அறிமுகப் பாடத்தில் கைகுலுக்குவதைக் கட்டாயமாக்காதீர்கள், நெஞ்சில் கை வைப்பதும் கைகூப்புவதும் உலகம் அறிந்த மரியாதைதான். தேநீர் வேளைக்குப் பிளேன்ரீயும் வாழைப்பழமும் வைத்தால், நோன்பு மாதம் தவிர, மரக்கறி விரதக்காரருக்கும் எந்த மார்க்கத்தவருக்கும் சிக்கலில்லை.

சிங்களவர் மூன்று நான்கு பேர் என்றீர்கள். அவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை, ஏனென்றால் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் எந்த அறையிலும் மெதுவாகக் காணாமல் போவார்கள். தமிழில் ஒரு பகிடி விட்டு எல்லோரும் சிரிக்கும்போது அவர்கள் தங்களைப் பார்த்துச் சிரிப்பதாகவும் நினைக்கலாம். தமிழில் விளக்கினால் அதைச் சிங்களத்திலும் ஒரு வசனமாவது சொல்லுங்கள், உங்களுக்கு வராவிட்டால் இரண்டும் தெரிந்த கொழும்புப் பிள்ளை ஒருவர் நிச்சயம் இருப்பார். பாடநெறி முடிவில் சிங்களவர்கள் வெற்றிலை கொடுத்து உங்கள் காலில் விழக்கூடும், இந்துக்கள் சிலரும் விழுவார்கள், முஸ்லிம்கள் விழ மாட்டார்கள். விழாதவர் மரியாதை குறைந்தவர் என்று மற்றவர்கள் நினைக்காதபடி நீங்கள் நடந்துகொள்ள வேண்டும். சிறப்பான வழி, அன்று எல்லோருக்கும் முன்பாக நீங்களே எழுந்து போய் ஒவ்வொருவரின் இருக்கையிலும் சான்றிதழைக் கொடுப்பது.

கடைசியாக, நின்றுபோகிறவர்கள். பெரியவர்கள் காரணம் சொல்லிவிட்டு நிற்க மாட்டார்கள். இரண்டு கிழமை வராதவரின் பெயரை வட்ஸ்அப் குழுவில் போட்டு விசாரிக்காதீர்கள், அத்தோடு அவர் குழுவிலிருந்தே போய்விடுவார். தனியாக, வேலை முடிந்த நேரத்தில், தமிழிலோ சிங்களத்திலோ அழையுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காமல், சுகம் விசாரித்துவிட்டு, தவறிய பாடம் என்னவென்று இரண்டு நிமிடத்தில் சொல்லி, சனிக்கிழமை அரை மணித்தியாலம் முந்தி வந்தால் சேர்ந்து பார்க்கலாம் என்று சொல்லுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், கடையில் ஆள் இல்லை, காசு கட்ட முடியவில்லை என்று ஏதாவது ஒன்று அவராகவே சொல்வார். காசுதான் காரணம் என்றால், அதைத் தவணையாகக் கட்டும் ஒழுங்கை வகுப்பு தொடங்கும் முன்னரே எல்லோருக்கும் பொதுவாக அறிவித்து வைத்திருங்கள், அப்போதுதான் அவர் கேட்காமலே அதைப் பயன்படுத்துவார்.